பாதை வந்து பத்து வருசம்: வன்னிக்கான கோச்சி எங்கே?

2025 ஜூலை 6 – தொடக்கக் கேள்வி

மாங்குளத்திலிருந்து எழுதுகிறேன். 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் பாதை திரும்ப வந்து பத்து வருசம் தாண்டிவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் விடிய கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்புகிறவனுக்கு நேரம் பொருந்தும் கோச்சி இல்லை. பஸ் மிதிபலகையில்தான் நிற்கிறோம். உள்ளூர் ரயில் ஓட்ட இந்தப் பாதையில் இடம் இருக்கா? இல்லாட்டி இரண்டாவது தண்டவாளம் போட வேணுமா? முல்லைத்தீவுக்குப் புதுப் பாதை கேட்க வேணும் என்றும் சனம் கதைக்குது. விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

ஜூலை 6, இரவு

இடம் இருக்கு தம்பி. இரண்டாவது தண்டவாளம் தேவையில்லை.

பொல்காவலைக்கு வடக்கே முழுதும் ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எத்தனை கோச்சி ஓடலாம் என்பதை, ஒன்றுக்கொன்று விலத்தக்கூடிய இரண்டு லூப்புக்கு (ஸ்ரேசன் பக்கப் பாதைக்கு) இடைப்பட்ட மிக நீண்ட துண்டுதான் தீர்மானிக்கும். அந்தத் துண்டு 20 கிலோமீற்றர் என்று வையுங்கோ. 80 கிலோமீற்றர் வேகத்தில் 15 நிமிடம். தண்டவாளம் பிரியும் பொயின்றை மாற்றி, சிக்னல் விழுந்து, எதிர்க் கோச்சி புறப்பட இன்னும் 5 நிமிடம். போகவும் வரவும் சேர்த்து 40 நிமிடம். ஒரு நாளில் 36 சோடி. திருத்த வேலைக்கும் பிந்துவதற்கும் இடம் விட்டு 60 வீதம் எடுத்தாலும் 21 சோடி ஓடும். இன்று ஓடுவது இதில் பாதியும் இல்லை.

பாதை வெறுமனே கிடக்கிற நேரம்தான் அதிகம். குறை கால அட்டவணையில் இருக்கு.

ஜூலை 7

நேற்று எழுதியதில் ஒரு இடத்தில் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவது தண்டவாளம் தேவையில்லை என்றேன், லூப்புகள் வேலை செய்ய வேணும் என்று எழுத மறந்துபோனேன். லூப் என்பது ஸ்ரேசனில் பக்கத்தால் பிரிந்து திரும்பச் சேரும் துண்டுப் பாதை. அதற்குள் சந்திக்கிற இரண்டு கோச்சிகளில் ஒன்றாவது முழுதாக அடங்க வேணும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் விலத்தல் நடக்காது. இரண்டு பெட்டி, நாலு பெட்டி லோக்கலுக்கு இந்தப் பிரச்சினை வராது. அதனால்தான் சின்னக் கோச்சியை ஒற்றைப் பாதைக்குள் செருகுவது சுலபம்.

மனிதரும் வேணும். லூப் இருந்தும் இரவில் ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லாமல் பூட்டிக் கிடந்தால், அது வரைபடத்தில் மட்டும் உள்ள லூப்.

ஜூலை 9

புளியங்குளத்திலிருந்து ஒருவர் கேட்டார்: “கடுகதியை எல்லா ஸ்ரேசனிலும் நிற்பாட்டினால் போதாதா, ஏன் தனி லோக்கல்?”

போதாது. ஒரு தரிப்புக்கு எவ்வளவு நேரம் போகுது என்று பார்ப்போம். எஞ்சின் இழுக்கிற நீளமான கோச்சி 80இல் வருகிறது. நிற்பதற்கு ஒரு நிமிடம் அளவில். நின்று சனம் ஏறி இறங்க ஒரு நிமிடம். திரும்ப 80ஐப் பிடிக்க இரண்டரை நிமிடம். நிற்காமல் போயிருந்தால் அதே தூரத்துக்கு ஒரு நிமிடமும் முக்காலும் போதும். ஆக ஒரு தரிப்புக்கு இரண்டே முக்கால் நிமிடம் நட்டம். எட்டுத் தரிப்பைக் கூட்டினால் 22 நிமிடம். யாழ்ப்பாணத்துச் சனம் சொகுசு பஸ்ஸுக்குப் போய்விடும், நியாயமும்தான்.

அதே இடத்தில் பவர் செற் நின்றால் கதை வேறு. எஞ்சின் செற்றுக்குள்ளேயே இருக்கு, பாரம் குறைவு, வேகம் பிடிப்பது சுறுக்கு, பிரேக்கும் சுறுக்கு. நட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். நின்று நின்று ஓடும் வேலைக்கென்றே செய்தது அது. கடுகதி கடுகதியாக ஓடட்டும், லோக்கல் லோக்கலாக ஓடட்டும்.

ஜூலை 9, பிறகு

ரயில் பஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பஸ் உடலை முதுகுக்கு முதுகு கொழுவி ரயில் சில்லு போட்டது. இருபுறமும் சாரதி ஆசனம் இருப்பதால் கடைசி ஸ்ரேசனில் திருப்பத் தேவையில்லை. மலிவு, எரிபொருளும் கொஞ்சம்தான். இவ்வளவும் சரி.

ஆனால் பாரம் மிகக் குறைவு, அதிலிருந்து இரண்டு தொல்லை வரும். மாடு முட்டினால் தடம் புரளும் ஆபத்து அதற்கு அதிகம். மற்றத் தொல்லை சிக்னலில். தடச் சுற்று முறையில் இரு தண்டவாளத்திலும் சிறிய மின்னோட்டம் விட்டிருப்பார்கள். கோச்சியின் அச்சு இரண்டையும் இணைத்தவுடன் ‘இங்கே கோச்சி நிற்குது’ என்று சிக்னலுக்குத் தெரியும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் துரு படிந்திருந்தால், இலேசான வண்டியின் சில்லு அந்தத் துருவை அமத்தி உடைக்காது. கோச்சி நிற்கும், சிக்னலோ பாதை காலி என்று நினைக்கும். கோச்சி குறைவாக ஓடும் பாதையில்தான் துரு கூடப் படியும். அதிலும் லூப்புக்குள். அச்சு எண்ணி வைத்த இடத்தில் இந்தப் பயம் இல்லை, அது உள்ளே போன சில்லையும் வெளியே வந்த சில்லையும் எண்ணிச் சரி பார்க்கும்.

ஆகவே ரயில் பஸ் கேட்கிறவர்கள், எந்தத் துண்டில் எந்த முறை பூட்டியிருக்கு என்பதை முதலில் கேளுங்கோ. என் விருப்பம் பழசானாலும் பவர் செற்.

ஜூலை 12

இனி அட்டவணை. வவுனியா–பளை. வவுனியாவிலிருந்து ஓமந்தை, பிறகு புனரமைப்பு ஒப்பந்தத்தில் ஓமந்தை–பளை 90 கிலோமீற்றர், எல்லாம் சேர்த்து நூறுக்குக் கொஞ்சம் மேல். 80 வேகத்தில் 77 நிமிடம், ஒன்பது தரிப்புக்கு 13 நிமிடம். 90 நிமிடம் என்று வைப்போம். இரு அந்தத்திலும் 15 நிமிடம் நின்று திரும்பினால் ஒரு சுற்று மூன்றரை மணித்தியாலம்.

ஒரு செற் இருந்தால் நாளுக்கு நாலு சுற்று. இரண்டு செற் இருந்தால் ஒவ்வொரு 105 நிமிடத்துக்கும் ஒரு கோச்சி. வவுனியாவில் விடிய 5.45க்குத் தொடங்கி மாலை 6.00 வரை எட்டு. மூன்றாவது செற் திருத்தத்துக்குப் போகிற நாளுக்காக ஒதுக்கி நிற்க வேணும். அந்த மூன்றாவதை மறந்து தொடங்கினால், முதல் மாதத்திலேயே ஒன்று பழுதாகி, ‘இன்று சேவை இல்லை’ என்று பலகை தொங்கும். மூன்று முறை அந்தப் பலகையைக் கண்ட சனம் திரும்பி வராது.

இரவில் ஒன்று வவுனியாவில் படுக்கும், ஒன்று பளையில். எரிபொருள், தண்ணீர், கூட்டித் துடைப்பு, காவலாளி, சாரதிக்கும் கார்ட்டுக்கும் படுக்கை அறை. அடியில் இறங்கிப் பார்க்கிற குழி தினமும் தேவையில்லை, கிழமைக்கு ஒருமுறை செற்றை மாற்றி அநுராதபுரத்துக்கு அனுப்பலாம்.

ஜூலை 13

நேற்றைய கணக்குப் பிழை. சுட்டிக்காட்டிய பரந்தன் அண்ணைக்கு நன்றி.

இரு அந்தத்திலும் ஒரே அளவு நேரம் நின்றால், இரண்டு கோச்சியும் எப்போதும் சரி பாதி வழியில்தான் சந்திக்கும். பாதி வழி விழுவது மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவே, காட்டுக்குள். அங்கே எப்படி விலத்துவது? சந்திப்பை மாங்குளத்துக்கு இழுக்க வேணும். மாங்குளம் வவுனியாவிலிருந்து 39 நிமிட ஓட்டம், பளையிலிருந்து 51 நிமிடம் என்று எடுத்தால், பளைக் கோச்சி வவுனியாக் கோச்சியை விட 12 நிமிடம் முந்தி வெளிக்கிட வேணும்.

திருத்திய அட்டவணை: பளை 5.33, வவுனியா 5.45, இரண்டும் மாங்குளத்தில் 6.24. ஒன்று வவுனியாவுக்கு 7.03, மற்றது பளைக்கு 7.15. பளையில் 10 நிமிடத்தில் திருப்பி 7.25. வவுனியாவில் 34 நிமிடம் நின்று 7.37. சுற்று 210 நிமிடத்திலிருந்து 224 ஆகும், இடைவெளி 105இலிருந்து 112. எட்டாவது கோச்சி வவுனியாவில் 6.00க்குப் பதில் 6.49. இழப்பு அவ்வளவுதான். வவுனியாவில் கூடக் கிடைத்த நேரம் பிந்துவதை விழுங்கிக் கொள்ளும்.

மாங்குளம் தம்பிக்கு இதில் கிடைப்பது: விடிய 6.24 மாங்குளம், 6.52 கிளிநொச்சி. பின்னேரம் 5.08 கிளிநொச்சி, 5.36 மாங்குளம்.

யாழ்தேவியும் மற்றக் கடுகதிகளும் இந்த அட்டவணையில் இல்லை. அவை வரும்போது லோக்கல்தான் லூப்பில் ஒதுங்க வேணும், ஒரு சந்திப்புக்கு 6 முதல் 8 நிமிடம். உண்மையான தொல்லை கடுகதி பிந்துவது. கொழும்பில் 40 நிமிடம் பிந்திப் புறப்பட்டதற்காக ஓமந்தையில் லோக்கலை 40 நிமிடம் கட்டி வைக்கக் கூடாது. ‘கடுகதி 10 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் லோக்கலை அடுத்த லூப்புக்கு விடு’ என்ற கட்டளை எழுத்தில் இருக்க வேணும். இல்லாட்டி எந்தக் கட்டுப்பாட்டு அறையும் பெரிய கோச்சியைத்தான் பார்க்கும்.

ஜூலை 13, இரவு

இன்னொரு ஓட்டை. மேலே உள்ளபடி போனால் வவுனியாப் பக்கம் போகும் மத்தியானக் கோச்சி கிளிநொச்சிக்கு 1.24. பாடசாலை விடுவது 1.30. ஆறு நிமிடத்தில் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற கோச்சி!

எண்கள் ஒரே இடைவெளியில் வடிவாக நிற்க வேணும் என்று அடம் பிடிக்காமல், முற்பகல் 11 மணிச் சோடியிலிருந்து எல்லாவற்றையும் 36 நிமிடம் பிந்தவிடுங்கோ. பளை 1.37, கிளிநொச்சி 2.00. பின்னேரக் கோச்சியும் தள்ளிப் போகும்: கிளிநொச்சி 5.44, மாங்குளம் 6.12. காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் சனம் குறைவு, இடைவெளி அங்கே நீளட்டும்.

ஜூலை 15

வீதி தண்டவாளத்தைக் கடக்கிற கடவைகளைப் பற்றி எழுதாமல் இந்த இழையை மூட ஏலாது. லோக்கல் கூடினால் கடவையைக் கடக்கிற கோச்சியும் கூடும். வன்னியில் வயலுக்கும் வீட்டுக்கும் இடையில்தான் தண்டவாளம் ஓடுது. இந்தப் பாதையின் கடவைகளில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. 2019 ஜூனில் கிளிநொச்சியில் இராணுவ வண்டியும் கோச்சியும் மோதியது நாடு முழுக்கச் செய்தியாக வந்தது. செய்தியாக வராமலே முடிந்த மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ.

100 கிலோமீற்றர் வேகத்தில் கோச்சி ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் வரும். நெல் மூட்டை ஏற்றிய லான்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய இரு சில்லு உழவு இயந்திரம்) நின்ற இடத்திலிருந்து வெளிக்கிட்டு, மேட்டில் ஏறி, பெட்டியின் வாலும் தண்டவாளத்தைத் தாண்டி முடிய 20 செக்கன் எடுக்கும். 20 செக்கனில் கோச்சி 560 மீற்றர் வந்துவிடும். அப்படியென்றால் கடவையில் நிற்கிற சாரதிக்கு இரு பக்கமும் 560 மீற்றர் தண்டவாளம் தெரிய வேணும். பற்றை வளர்ந்த கடவையில் 100 மீற்றர் தெரிந்தாலே அதிசயம். மழை முடிந்து தை மாதம் பற்றை உச்சத்தில் நிற்கும். அறுவடை தொடங்கி லான்மாஸ்ரரும் உழவு இயந்திரமும் பெருகுவதும் அதே தையில்தான். பற்றை வெட்டுவதை மார்கழிக் கடைசியில் செய்ய வேணும். சித்திரையில் வெட்டிக் கணக்குக் காட்டுவதில் யாருக்குப் பயன்?

மேடு இன்னொரு சங்கதி. பாதையை உயர்த்திப் போட்டபோது கடவையின் இரு பக்கமும் ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. தண்டவாளத்துக்கு இரு பக்கமும் ஒரு லான்மாஸ்ரர் நீளத்துக்காவது, 8 மீற்றர், சமதரை வேணும். அது இல்லாட்டி பெட்டியின் பாரம் பின்னுக்கு இழுக்க, எஞ்சின் தண்டவாளத்துக்கு மேலேயே நின்றுவிடும். கிரவல் நாலு லோட் கொட்டி அமத்தினால் தீரும் வேலை இது. ஒரு பிரதேச சபை ஒரு கிழமையில் முடிக்கலாம்.

மணியும் விளக்கும் உள்ள கடவையில் இன்னொரு விதமான பிழை வரும். கோச்சி வராமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால் சனம் அதை நம்பாது. நம்பாத மணி, மணி இல்லாததை விட ஆபத்து. பழுதானால் அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு கம்பத்திலும் தமிழில் எழுதியிருக்க வேணும், கடவை இலக்கத்தோடு.

ஜூலை 15, பிறகு

கடவைக் காப்பாளர்களை விட்டுவிட்டேன். பொலிஸ் திணைக்களத்தின் கீழ் நாட் கொடுப்பனவுக்கு எடுக்கப்பட்டவர்கள், மாதம் 7,500 ரூபா என்ற அளவில் வருசக்கணக்காக நின்றவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் ஒரு கொட்டிலுக்குள் இருந்து சங்கிலி கட்டுகிற ஆளிடம்தான் எங்கள் உயிர் இருக்கு. லோக்கல் கூடினால் அவருடைய வேலை இரட்டிப்பாகும். சம்பளத்தைத் திருத்தாமல் கோச்சியைக் கூட்டச் சொல்லிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோரிக்கைக் கடிதத்தில் இது முதல் பந்தியில் வரட்டும்.

ஜூலை 16

மாடுகள். கார்த்திகை, மார்கழியில் வயலெல்லாம் தண்ணீர். காய்ந்த உயரமான இடம் ரயில் அணை ஒன்றுதான். மாடு அங்கேதான் படுக்கும், ஆடும்தான். ஒரே இரவில் பத்துப் பதினைந்து மாடு அடிபட்டுக் கிடக்கிற விடியலை வன்னியில் எல்லாரும் அறிவார்கள். ஒரு பட்டியே ஒரு குடும்பத்தின் சீவியம்.

உரிமையாளருக்குத் தண்டம் போட்டுத் தீர்க்கிற காரியம் இல்லை இது. மேய்ச்சல் தரை ஒதுக்காத ஊரில் மாடு எங்கே போகும்? செய்யக்கூடியது இரண்டு. ஊருக்குக் கிட்ட, அணைக்கு வெளியே, மழைக் காலத்துக்கு மேட்டு நிலம் ஒன்று ஒதுக்கி வேலி போடுவது. மற்றது, இருக்கிற மதகுகளில் 2 மீற்றர் உயரத்துக்கு மேல் உள்ளவற்றின் அடியைத் துப்புரவாக்கிக் கோடையில் மாட்டுப் பாதையாக விடுவது. முழுப் பாதைக்கும் கம்பி வேலி கேட்கிறவர்கள் கம்பியின் விலையைப் பார்த்துவிட்டு வாங்கோ. இரண்டாவது மழைக்குள் அது பாதி காணாமல் போகும்.

ஜூலை 19

தரிப்பிடங்கள். இரண்டு பெட்டிச் செற்றுக்கு 50 மீற்றர் மேடை போதும். 250 மீற்றர் மேடையும் ஓட்டுக் கூரையும் மதிப்பீடு போட்டதாலேயே எத்தனையோ தரிப்பிடம் கடதாசியோடு நின்றுவிட்டது. முன்முகத்துக்குக் கொங்கிறீட் கட்டு, உள்ளே கிரவல் நிரப்பி அமத்தி, மேலே சிமெந்துத் தட்டு. 12 அடிக்கு ஒரு அடி உயரும் சரிவு, சக்கர நாற்காலிக்கும் பால் கான் கொண்டுவரும் சைக்கிளுக்கும். சூரிய விளக்கு இரண்டு. தகரக் கொட்டில் ஒன்று, அதில் மேற்குப் பக்கம் அடைப்பு, ஏனென்றால் சனம் கூட நிற்பது பின்னேர வெயிலில்.

எங்கே வைப்பது என்பதுதான் பலரும் பிழைவிடுகிற இடம். கடவைக்குக் கிட்ட வைத்தால் நல்லது, வீதி அங்கேதான் இருக்கு. ஆனால் கோச்சி கடவையைத் தாண்டி நிற்கிற மாதிரி வைக்க வேணும். கடவைக்கு முந்தி நின்றால், கோச்சி மேடையில் ஆள் ஏற்றும் நேரம் முழுக்க மணி அடிக்கும், சங்கிலி பூட்டிக் கிடக்கும். மோட்டார் சைக்கிள்காரர் ‘நிற்கிற கோச்சிதானே’ என்று குனிந்து நுழைவார். ஒற்றைப் பாதையில் இரண்டு திசைக்கும் இது பொருந்த வேணுமென்றால் கடவைக்கு இரு பக்கமும் தனித் தனி மேடை வேணும். 50 மீற்றர் என்பதால் இரண்டு கட்டினாலும் ஒரு பெரிய மேடையின் செலவு வராது.

வளைவில் வைக்க வேண்டாம், பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் கால் போகிற இடைவெளி வரும். ஏற்றத்திலும் வேண்டாம்.

அறிவியல் நகரில் தரிப்பிடம் வந்ததைப் பாருங்கோ. பல்கலைக்கழக பீடங்கள் வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கு என்று யாரோ விடாமல் கேட்டதால் வந்தது. கேட்டால் வரும்.

ஜூலை 22

முல்லைத்தீவுக்குப் பாதை. முல்லைத்தீவுக்கு முன்பும் ரயில் இருக்கவில்லை, ஆகவே இது மீளத் திறப்பு அல்ல, புதுப் பாதை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்குத் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கொங்கிறீட் சிலிப்பர் 1,660, சல்லிக்கல் 2,000 கன மீற்றர் அளவில், இதற்கு முந்தி காணி எடுப்பு, காடு வெட்டு, மதகு, பாலம். இத்தனைக்கும் பிறகு நாளுக்கு நாலு கோச்சி. எனக்கும் ஆசை இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, மாங்குளத்தில் 6.24க்குக் கோச்சி வரும்போது ஸ்ரேசன் வாசலில் முல்லைத்தீவு பஸ் நிற்பது. 6.10க்கு வந்து 6.35க்குப் போனால் இரண்டு திசைச் சனமும் ஏறும். 25 நிமிடம் ஒரு பஸ் நிற்கிற செலவு மட்டும்தான்.

அரச பஸ் நடத்தும் இ.போ.ச., தனியார் இரண்டும் ஒத்துக்கொள்ளத் தயங்கும். கோச்சி பிந்தினால் பஸ் எவ்வளவு நேரம் காத்து நிற்கும் என்பதை எழுதிவைக்க வேணும். 10 நிமிடம் என் பரிந்துரை. அதற்கு மேல் நின்றால் ஒட்டுசுட்டானில் நிற்கிற பிள்ளைக்குப் பாடசாலை பிந்தும்.

ஜூலை 23

மன்னார்க்காரர் கோபிக்க வேண்டாம், உங்களை மறக்கவில்லை. மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார், தலைமன்னார். 1914இல் இராமேஸ்வரம் பக்கத்துக் கப்பலோடு இணைத்துப் போட்ட பாதை. மடு வீதி வரை 2013 மே, தலைமன்னார் வரை 2015 மார்ச், அப்படித்தான் திரும்பி வந்தது.

வவுனியா ஆள் மன்னாருக்குக் கோச்சியில் போக மதவாச்சிக்கு இறங்கித் திரும்ப வேணும். எஞ்சின் கோச்சி என்றால் எஞ்சினைக் கழற்றி, லூப்பால் சுற்றி, மறு அந்தத்தில் கொழுவி, பிரேக் சோதித்து, 15 நிமிடம் போகும். பவர் செற் என்றால் சாரதி சாவியை எடுத்துக்கொண்டு மற்ற அந்தத்துக்கு நடக்க வேணும், பிரேக் சோதனையோடு 5 நிமிடம். வவுனியா–மன்னார் நேர்க் கோச்சி நாளுக்கு இரண்டு தடவை ஓடினால், செட்டிகுளத்து மரக்கறியும் பேசாலை மீனும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போகும். கடைசிப் பெட்டியில் பாதி இருக்கையைக் கழற்றி, தண்ணீர் வடிய நிலத்தில் ஓட்டை விட வேணும். மீன் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஜூலை 27

முன்பு இன்னொரு இழையில் நான் “2014 மார்ச்சில் யாழ்ப்பாணம் வரை” என்று எழுதியிருந்தேன். பிழை. ஓமந்தை 2011 மே, கிளிநொச்சி 2013 செப்ரெம்பர் 14, பளை 2014 மார்ச் 4, யாழ்ப்பாணம் ஒக்ரோபர் 13, காங்கேசன்துறை 2015 ஜனவரி 2. ஓமந்தைக்கு வடக்கே இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் போட்டது. மஹவ–ஓமந்தை 128 கிலோமீற்றரைத் திரும்பப் போட 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் மூடினார்கள்.

இந்தத் திகதிகளை ஏன் அடுக்குகிறேன் என்றால், எங்கள் பாதையை மீளத் திறக்க முடிந்ததற்குக் காரணமே அணை மிஞ்சியிருந்தது. தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மண் அணையும் அதற்கான ஒதுக்கு நிலமும் நின்றன. தெற்கே களனிவெளிப் பாதையில் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை இருந்த பாதை 1970களில் மூடப்பட்டது. அணைக்கு மேல் வீடும் வீதியும் வந்துவிட்டன, இன்றைக்கும் திரும்பவில்லை. ஆகவே பாவிக்காத பக்கப் பாதை, சாமான் இறக்குகிற சைடிங், பழைய ஸ்ரேசன் வளவு, இவற்றை யாராவது குத்தகைக்குக் கேட்டால் எதிர்த்து நில்லுங்கோ. பளையில் செற் படுக்க அந்தச் சைடிங்தான் தேவைப்படும்.

ஜூலை 28

பராமரிப்பு பற்றிக் கேட்டவருக்கு.

வெயில். ஒட்டிப் போட்ட நீளத் தண்டவாளம் ஒரு கிலோமீற்றர், 30 பாகை சூடு ஏறினால் 34 சென்ரிமீற்றர் நீளப் பார்க்கும். நீள இடமில்லை, ஆகவே அந்த விசை முழுதும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது சிலிப்பரின் இரு தலைப்பிலும் குவித்த சல்லிக்கல்தான். அந்தத் தோள் சரிந்த இடத்தில், சித்திரை மத்தியானம் இரண்டு மணிக்கு, தண்டவாளம் பாம்பு மாதிரி நெளியும். சனம் குறுக்கே நடந்து நடந்து சல்லியைக் கீழே தள்ளுகிற ஒற்றையடிப் பாதைகளில்தான் இது தொடங்கும். அங்கே நாலு படிக்கட்டும் ஒரு சிமெந்துத் தட்டும் போட்டால் சல்லி நிற்கும்.

மழை. ஐப்பசிக்கு முந்தி ஒவ்வொரு மதகின் வாயையும் பார்க்க வேணும். குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் அணையின் பக்கத்தில் தேங்கும். இரண்டு நாள் தேங்கினால் செம்மண் இளகி, கோச்சி போகும்போது சேறு சல்லிக்குள்ளால் மேலே பிதுங்கும். சல்லி வெள்ளையாக இல்லாமல் மண்ணிறமாகத் தெரியும் துண்டு எதுவோ, அங்கே அடுத்த வருசம் வேகக் கட்டுப்பாடு வரும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். கட்டுப்பாடு ஒன்று வந்தால் என் 90 நிமிடக் கணக்கு உடையும், மாங்குளச் சந்திப்பும் உடையும்.

ஓகஸ்ட் 2

லோக்கல் ஓட்ட முடியும் என்பதற்கு ‘யாழ் ராணி’க் கோச்சியை உதாரணம் காட்டியவர் சரியாகத்தான் சொன்னார். 2022 ஜூலையில், பெற்றோல் வரிசையில் நாடு நின்றபோது, குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் விடியவும் பின்னேரமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடத் தொடங்கியது. மாதக்கணக்கில் ஆய்வு செய்யவில்லை. இருந்த வண்டியை எடுத்து, அலுவலக நேரத்துக்கு ஓட்டினார்கள். முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேணுமா? வவுனியாப் பக்கத்துக்கும் மாங்குளத்துக்கும் அதையே கேட்கிறோம்.

கேட்கும்போது எண்ணிக்கையோடு போக வேணும். மாங்குளம் தம்பி, நீங்கள் செய்யக்கூடியது இது. சந்தியில் இரண்டு பேர், விடிய 5.30 முதல் 8.00, பின்னேரம் 1.15 முதல் 6.30. பஸ் வந்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற இடமில்லாமல் நின்றார்கள். கடைசி எண்ணிக்கைதான் முக்கியம், பஸ்காரர் வைத்திருக்கிற ரிக்கெற் கணக்கில் அது ஒருநாளும் வராது. சீருடையில் நிற்கிற பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கோ, அவர்களுக்கு சீசன் ரிக்கெற். அரச ஊழியரையும் கேட்டுக் குறியுங்கோ. புளியங்குளம், முறிகண்டி, பரந்தனிலும் அதே நாளில் எண்ண ஆள் பிடியுங்கோ, இல்லாட்டி ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணியதாகச் சொல்வார்கள்.

ஓகஸ்டில் தொடங்க வேண்டாம். மடுத் திருவிழா 15ஆம் திகதி, நல்லூர் கொடியேறியிருக்கு, பாடசாலை விடுமுறையும் வருது. எண்ணிக்கை எல்லாம் குழம்பும். செப்ரெம்பர் இரண்டாம் கிழமை செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் மழை இல்லாமல் இருந்தால் போதும். தாளின் மாதிரியை வாற கிழமை இங்கே போடுகிறேன்.